ஐரிஷ் சுவருக்கு ஐந்து பலகை

உல்லையில் மதுச்சாலை திறக்கிறவர்
பதினேழு புகைப்படம் அனுப்பியிருந்தார்.
மழை வழியும் கண்ணாடி. கணப்படுப்பு.
கறுப்பு பியர், மேலே இரண்டு விரல் நுரை.
மூலையில் நாலு பேர்:
ஃபிடில், புல்லாங்குழல்,
றபானுக்கு அண்ணன் மாதிரி ஒரு தோல்,
கண்ணை மூடிப் பாடும் செம்பட்டைத் தலைக்காரி.
நாலுக்கு எட்டில் ஐந்து பலகை, எனாமல்.
முற்பணம் கைக்கு வந்துவிட்டது.

நான் தவறணைக்குள் போனதில்லை.
தாண்டவன்வெளியில் ஓட்டோ நிற்கும்போது
பச்சைக் கதவு திறந்து மூடுகிற அளவுக்குத் தெரியும்:
ஒரு முழங்கை, ஒரு வாளி, சிரிப்பில் பாதி.
இப்போது முப்பத்தொரு பேரை
எங்கள் கராஜில் உட்காரவைத்து
ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறேன்.
அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்.

கறுப்புக்குக் கோப்பியைப் பார்த்தேன், போதவில்லை.
ஐப்பசி வாவி
வலையிறவுப் பாலத்தடியில் தேங்கி நிற்குமே,
அது சரிவந்தது.
நெருப்புத்தான் பிடிபடவில்லை.
வேர்வையைத் துடைத்துக்கொண்டு
குளிர்காயும் முகங்களை எப்படி வரைவது?
ஐஸ் கட்டியை உள்ளங்கையில் பொத்தி
இருபதுவரை எண்ணினேன்.
தோள் தானாய்ச் சுருங்கியது.
அந்தத் தோளையே எல்லோருக்கும் போட்டேன்.

விளங்காதது இன்னொன்று.
வாசிக்கிறவர்களை ஒருவரும் பார்க்கவில்லை.
மேடை இல்லை, மைக் இல்லை, பொன்னாடை இல்லை.
அவர்களும் நமக்கு முதுகைக் காட்டி
ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்தபடி.
எல்லாப் படமும் மேசையோடு வெட்டுப்பட்டிருந்தது.
பாதம் எங்கே?

பாதம் தேடி டச்பாருக்குப் போனேன்.
ரோலண்ட் பார்த்தலோட். தச்சு வேலை.
ஞாயிறு பின்னேரம் கஃப்ரிஞ்ஞா வயலின்.
நாடியில் வைக்கவில்லை, நெஞ்சில் சாத்தி,
பலகைக்கு மட்டம் பார்க்கிறவர் போல
ஒரு கண்ணைச் சுருக்கி.
குதி நிலத்தில் ஊன்றியிருக்க
முன்பாதம் மட்டும் எழுந்து விழுந்தது.
மூன்றாம் பாட்டில் செருப்பு
கட்டிலுக்கடியில் போய்விட்டது.

இடக்கைச் சுண்டுவிரல் பாதிதான்.
சீவுமெஷின் எடுத்ததாம்.
"ஒரு சுரத்துக்கு மட்டும்
கை முழுக்கக் கீழ இறங்கோணும் புள்ள.
ஏலாட்டி விட்டுட்டுப் போறது.
ஆடுறவனுக்குத் தெரியா."
பிறகு என் பென்சில் படத்தைப் பார்த்தார்.
"வில்லு நுனியில நிக்குது.
இவன் தொடங்கப் போறானா, முடிக்கப் போறானா?"
எனக்குத் தெரியவில்லை.
வில்லை நடுவுக்கு மாற்றினேன்.

பலகைகள் லொறியில் போயின.
அக்கரைப்பற்றில் டீசலுக்கு நிறுத்தியபோது
காற்று படங்கைத் தூக்க
ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்,
"கிளாசுக்குள்ள என்ன தங்கச்சி?"
"கோப்பி" என்றேன்.
"இவ்வளவு பேருமா?
அடுப்புக்குப் பக்கத்தில இருந்துகொண்டா?"

முதலாளி விரலைத்தான் முதலில் கண்டார்.
சனம் வந்து சாப்பிடும் இடம்,
விரலை முழுசாக்கித் தாங்க என்றார்.
ஆறு வீச்சு: ஒரு நகம், ஒரு கணு,
மடிப்பில் கொஞ்சம் மண்ணிறம்.
உப்புக் காற்றில் காய இரண்டு நாள் எடுத்தது.

திறப்புவிழா அன்று
எல்லாரும் குடித்தார்கள், கத்தினார்கள்,
பலகைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.
அதுதான் சரியென்று பட்டது எனக்கு.

கடைசி பஸ்ஸில் ரோலண்ட் வந்தார்.
மூன்றாம் பலகைக்கு முன்னால் நின்றார்.
தன் இடக்கையைத் தூக்கி
அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.
பாதி விரல் மடங்கிக்
காற்றில் எதையோ அழுத்தியது.
"இப்ப இவனுக்கு அந்தச் சுரம் விழும்."

அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்சில்லை.
கறுப்பு பியரில் ஒரு மிடறு. முகச்சுளிப்பு.
பிறகு குந்தினார்.
"கதிரைதான் பிழை புள்ள. உயரம் கூட.
இவன்ட குதி நிலத்தில படாது."
வலக்கையில் கிளாஸ்.
இடக்கைக் கட்டைவிரலைக் கதிரைக் காலில் ஊன்றி,
பாதி விரலை நீட்டிச்
சாண் போட்டு அளந்தார்,
குறைந்த கணுவை
ஒவ்வொரு சாணுக்கும் வாய்க்குள் கூட்டிக்கொண்டு.